அமலராணியின் கம்ப்யூட்டர் மட்டும்

அமலராணிக்குத் தன் விரல்கள் மேல் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது போன வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மேஜைக்கு எதிரே மூன்று லாரி டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். துவாக்குடியில் இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பிச்சைதான் முதல் ஆள். அவருக்கு இ-வே பில் போட்டுத் தர வேண்டும். சரக்கோடு அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வழியில் மறிக்கிற அதிகாரி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். வழக்கமாக ஒரு பில்லுக்கு அமலராணிக்கு மூன்று நிமிஷம் போதும். அன்றைக்கு இணையப் பக்கம் திறக்கவே நாலு நிமிஷம் ஆனது. வண்டி நம்பரை அடித்து அடுத்த கட்டத்துக்குப் போனால் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பாதி அடித்த பில்லும் காணாமல் போனது. மறுபடியும் முதலிலிருந்து.

"என்னக்கா, இன்னிக்கு ஜெபம் சொல்லாம வந்துட்டீங்களா?" என்றார் பிச்சை.

எல்லாரும் சிரித்தார்கள். அமலராணியும் சிரித்தாள். பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்த சித்ராதேவி அதற்குள் ஐந்து பில் போட்டு முடித்திருந்தாள்.

பால்பண்ணையில் இருக்கிற அந்த லாரி புக்கிங் ஆபீஸில் அமலராணிதான் முதல் ஊழியர். இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால் லக்ஷ்மணன் ஒரு மேஜையும் ஒரு டெலிபோனும் வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியபோது வேலைக்கு வந்தவள். மணப்பாறையில் பிறந்து, டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த இன்னாசிராஜைக் கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் "சார்" என்று கூப்பிட்டபோது, "சாரெல்லாம் வேண்டாம்மா, அண்ணன்னே கூப்பிடு" என்றார் லக்ஷ்மணன். அன்றிலிருந்து அண்ணன்தான்.

இ-வே பில் முறை வந்த வருஷம் அக்கம்பக்கத்து ஆபீஸ்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டே நாளில் அதைப் படித்துப் புரிந்துகொண்டு போட ஆரம்பித்தவள் அவள். யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தாள். ஆபீஸுக்கு வந்துபோகிற டிரைவர்கள் ஒவ்வொருவரின் ஊர், ரத்த வகை, ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். அறுநூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். உப்பிலியபுரத்துக்காரர் ஒருவர் ஓங்கோல் பக்கம் விபத்தில் மாட்டிக்கொண்டபோது, போலீஸ் சொல்வதற்கு முன்னாலேயே அவருடைய தம்பிக்குத் தகவல் சொன்னது அமலராணிதான்.

மகள் பெலிண்டாவின் கல்யாணத்துக்கு லக்ஷ்மணன் குடும்பத்தோடு வந்திருந்தார். மேலப்புதூர் மண்டபத்தில், மேடையில் நின்று, சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி சொன்னார்: "இந்தம்மா இல்லேன்னா என் ஆபீஸ் இல்லீங்க. ஆபீஸ் இருக்கிற வரைக்கும் அந்த நாற்காலி அவங்களுது."

ஜூன் மாதத்துக்கு அப்புறம் கோளாறு வாரா வாரம் மோசமானது. ஆபீஸில் மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். புக்கிங் ப்ரோக்ராம் உட்பட எல்லாமே இப்போது ஆன்லைனில்தான். மற்ற ஐந்தும் நன்றாக ஓடின. அவளுடையது மட்டும் நத்தையாக ஊர்ந்தது. சில நேரம் நெட்டே முழுசாக அறுந்துபோனது. அவள் ரெஜிஸுக்குப் போன் செய்வாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ரெஜிஸுக்கு நாற்பது வயது இருக்கும். அமலராணியின் பங்குக் கோயிலில்தான் அவனும் கீபோர்டு வாசிக்கிறான். அவள் பாடற்குழுவில் பாடுகிறவள். கொரோனாவில் அவன் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, லக்ஷ்மணனிடம் பேசி இந்த ஆபீஸ் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

முதல் தடவை வந்தவன், "ஹார்ட் டிஸ்க் பழசாயிடுச்சுக்கா" என்றான். அடுத்த தடவை, "வைரஸ் மாதிரி தெரியுது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினாத்தான் சரியாவும்." ஏற்றினான். இரண்டு நாள் சரியாக ஓடியது. அப்புறம் பழைய குருடி கதைதான். மூன்றாம் தடவை வந்து மறுபடியும் அழித்து ஏற்றினான். அப்போதுதான் அந்த டிரைவர் ஃபைல் போனது.

"எல்லாத்தையும் எடுத்து வச்சேன்க்கா. அது ஒண்ணு மட்டும் எப்படியோ விட்டுப் போச்சு."

"பரவால்லப்பா, நீ என்ன பண்ணுவ" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாளிலிருந்து வருகிற டிரைவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தாள்.

ரெஜிஸ் நாலாவது தடவை வந்தபோது கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. "நீங்க ஒரே நேரத்துல நெறைய பக்கத்தைத் திறந்து வச்சிருக்கீங்கக்கா. கொஞ்சம் நிதானமா அடிங்க" என்றான். அது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. ஒருவேளை நம்மிடம்தான் கோளாறோ? கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடியை மாற்றினாள். விரல் மரத்துப்போகிறதோ என்று நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் கையைத் தட்டிப் பார்த்து, வயசுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். டிரைவர்கள் மெல்ல மெல்ல சித்ராதேவியின் மேஜைப் பக்கம் நகர்ந்து நிற்க ஆரம்பித்தார்கள். பிச்சைகூட, "கோச்சுக்காதீங்கக்கா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அங்கே போனார்.

ஒருநாள் லக்ஷ்மணன் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, சுற்றுகிற வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "விடும்மா. வயசாகுதுல்ல நமக்கெல்லாம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எவ்வளவு தங்கமான மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையே என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டாள்.

இன்னாசிராஜ் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"உனக்குக் கை நடுங்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"எழுத்து மாறி விழுதா?"

"இல்லைங்க. விழற எழுத்து போய்ச் சேரத்தான் மாட்டேங்குது."

"அப்ப ரிப்பேர் உன்கிட்ட இல்ல." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சின்ல எந்த இடத்துல கோளாறுன்னு தெரியலேன்னா, நல்லா ஓடுற எஞ்சின்லேருந்து ஒரு பார்ட்டைக் கழட்டி இதுல மாட்டிப் பார்ப்போம். ஒரு தடவைக்கு ஒண்ணுதான். ரெண்டா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும். அதுக்கு முன்னால, எப்பப்ப நிக்குது, எப்ப ஓடுதுன்னு மணி போட்டுக் குறிச்சு வை."

ஒன்பது நாள் குறித்தாள். நெட் அறுந்த நேரம், திரும்பி வந்த நேரம். பத்தாவது நாள் சாயங்காலம் இன்னாசிராஜ் அந்தத் தாளை வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். காலையில் பதினொன்றரைக்குப் போய்ப் பதினொன்று ஐம்பதுக்கு வந்திருந்தது. சாயங்காலம் நாலரைக்குப் போய் ஐந்துக்கு வந்திருந்தது. ஒன்பது நாளும் அப்படியே. இரண்டுமே வண்டிகள் முட்டி மோதுகிற நேரம்.

"அமலா, அறுந்த கம்பிக்கு மணி பார்க்கத் தெரியுமா?" என்றார்.

அவள் தாளை வாங்கி மறுபடியும் பார்த்தாள். இருந்தாலும் அப்போதும் அவள் மனுஷர்களைச் சந்தேகப்படவில்லை. ஏதோ ஒரு மெஷின் தப்பாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சித்ராதேவியைத் துணைக்குக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணே மேஜைக்கடியில் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு பேருடைய நெட் வயரையும் மாற்றிச் சொருகினாள். சித்ராதேவியின் கம்ப்யூட்டர் அமலராணியின் வயரிலும் பறந்தது. அமலராணியுடையது சித்ராதேவியின் வயரிலும் ஊர்ந்தது. அப்படியானால் வயரில் கோளாறு இல்லை. வயர்களைப் பழையபடி மாற்றிவிட்டு, தன் செல்போனைக் கம்ப்யூட்டரில் சொருகி, போனுடைய நெட்டிலேயே ஒரு பில் போட்டுப் பார்த்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. சித்ராதேவியின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெரிய ஃபைலைத் தன்னுடையதற்கு அனுப்பச் சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. ஆபீஸுக்குள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வெளியே போகிற வாசலில்தான் இவளுடைய கம்ப்யூட்டரை மட்டும் யாரோ பிடித்து நிறுத்துகிறார்கள்.

"ஆன்ட்டி, அப்ப ரூட்டர்லதான் ஏதோ இருக்கு" என்றாள் சித்ராதேவி, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு.

ரூட்டர் என்கிற அந்தப் பெட்டி லக்ஷ்மணன் அறைச் சுவரில் இருந்தது. ஆறு கம்ப்யூட்டருக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதை மாட்டிய அன்றைக்கு ரெஜிஸ், "பாஸ்வேர்டை எழுதி வச்சுக்கோங்கக்கா, நான் மறந்துடுவேன்" என்று சொல்லியிருந்தான். ஈ.பி. கனெக்‌ஷன் நம்பர் எழுதி வைத்திருந்த ஆபீஸ் ரிஜிஸ்டரிலேயே அதையும் எழுதியிருந்தாள். தன் கம்ப்யூட்டரிலேயே ரூட்டருடைய பக்கத்தைத் திறந்து, அதை அடித்துப் பார்த்தாள். திறந்தது.

எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, நிதானமாகப் படித்தாள். ஒரு பக்கத்தில் ஆறு கம்ப்யூட்டர்களின் பெயரும் வரிசையாக இருந்தன. ஐந்துக்கு வேகக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 'அமலா' என்று இருந்ததற்கு மட்டும் பழைய டெலிபோன் காலத்து வேகம். அடுத்த பக்கத்தில் நேரக் கட்டுப்பாடு. அதில் இருந்ததே ஒரு பெயர்தான். பதினொன்றரை முதல் பதினொன்று ஐம்பது வரை. நாலரை முதல் ஐந்து வரை. ஞாயிறு தவிர எல்லா நாளும். பக்கத்தில் குறிப்பு எழுதுகிற கட்டத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, 'எல்.எஸ். சார் சொன்னது' என்று இருந்தது.

லக்ஷ்மணனை எல்.எஸ். சார் என்று எழுதுகிறவன் ரெஜிஸ் ஒருவன்தான். அவன் கொடுக்கிற ரசீதிலெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அமலராணி இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்தாள். எதையும் மாற்றவில்லை. நாலரைக்கு நெட் நின்றது. மடியில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு நெட் வந்தது. "கொஞ்சம் தண்ணி குடிங்க ஆன்ட்டி, முகமே வெளுத்துப் போச்சு" என்றாள் சித்ராதேவி.

மறுநாள் ரெஜிஸை வரச் சொன்னாள். அவன் வழக்கம்போலப் பையோடு வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். கருப்புத் திரையைத் திறந்து என்னென்னவோ அடித்தான். உதட்டைப் பிதுக்கினான். கம்ப்யூட்டரைக் கழற்றித் தூசியை ஊதினான். பத்து நிமிஷம் அவனை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தத் தாளைக் கீபோர்டு மேல் வைத்தாள்.

ரெஜிஸின் கை நின்றது.

"ஏழு தடவை வந்திருக்கப்பா" என்றாள். "எதுக்கு ரெண்டு தடவை அழிச்சு ஏத்தின?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "எதாவது செஞ்ச மாதிரி தெரியணும்லக்கா."

"அந்த டிரைவர் ஃபைல்?"

"சத்தியமா அது வேணும்னு செய்யலக்கா. தெரியாமப் போயிடுச்சு. இந்த ஆபீஸை வச்சு அவர் இன்னும் நாலு ஆபீஸ் புடிச்சுக் குடுத்திருக்காரு. செய்ய மாட்டேன்னா எல்லாம் போயிடும். நான் என்ன பண்ணட்டும்?"

"என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பக்கத்துலதானே நிக்கிறோம்."

அவன் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கழற்றிய கம்ப்யூட்டரின் மூடியை அமலராணிதான் திரும்ப மாட்டினாள்.

லக்ஷ்மணனிடம் ஆபீஸில் வைத்துக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் முன்னால் அவர் தலைகுனிவதை, அப்போதும்கூட, அவளால் பார்க்க முடியாது போலிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். அம்மா மண்டபம் ரோட்டில் அவருடைய ஃப்ளாட். கதவைத் திறந்த அவர் மனைவி ரெங்கநாயகி, "வாங்க அமலா, எவ்வளவு நாளாச்சு!" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், காபி போடப் போனார்.

லக்ஷ்மணன் தாளைக் கையில் வாங்கினார். கண்ணாடி இல்லாமலே பார்த்தார். "என்னம்மா இது? எனக்கு இதெல்லாம் எங்க புரியுது."

"உங்க பேர் போட்டிருக்கு. ரெஜிஸ் ஒத்துக்கிட்டான்."

அவர் அந்தத் தாளை மடித்தார், பிரித்தார். அப்புறம் சொன்னார்: "சித்ரா அப்பா ஆறு வண்டியோட பார்ட்னரா வந்தாரும்மா. பில் போடற எடத்துல தன் பொண்ணுதான் இருக்கணும்னாரு. மத்தவங்க யாரும் வேண்டாம்னாரு. இதை நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்வேன்? கல்யாண மேடையில நின்னு வாக்குக் குடுத்தவன் நான்."

"அதனால?"

"நீயா போறேன்னு சொல்லிட்டா ரெண்டு பேர் மனசும் நோகாதுன்னு நெனச்சேன்."

அமலராணி அவரை நேராகப் பார்த்தாள். "நான் நரம்பு டாக்டர்கிட்ட போனேன், சார்."

அந்த 'சார்' அவர் முகத்தில் விழுந்தது தெரிந்தது.

"கண்ணாடி மாத்தினேன். ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். காலையில எழுந்ததும் ஒவ்வொரு விரலா மடக்கிப் பார்ப்பேன், இன்னும் உயிர் இருக்கான்னு. நீங்க பின்னால நின்னு பார்த்துட்டு, வயசாகுதுல்லன்னீங்க. நீ வேண்டாம், போன்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன். அப்புறம் வேற வேலை தேடியிருப்பேன். என்னையே நான் நம்ப முடியாமப் பண்ணிட்டீங்களே, அதுக்கு நான் எங்க போவேன்?"

காபி டம்ளரோடு வந்த ரெங்கநாயகி நடு ஹாலில் நின்றுவிட்டார். "என்னங்க, நெஜமாவா?" என்று கணவனைக் கேட்டார். லக்ஷ்மணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெங்கநாயகி டம்ளரை மேஜையில் வைத்தார். அமலராணி குடிக்கவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டபோது ரெங்கநாயகி லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார். அவளுடைய கைப்பை வாரைச் சரிசெய்துவிட்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. நாற்காலி போவது அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. பின்னால் வந்து நின்று தோளில் தட்டிய அந்தக் கைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னோமே என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பறந்தது. பதினொன்றரைக்கு ஒன்றும் நிற்கவில்லை. கட்டுப்பாட்டை யாரோ ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டிருந்தார்கள். லக்ஷ்மணன் வந்தார். "டீ சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார். எதுவுமே நடக்காத மாதிரிக் கேட்டதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. சாப்பாட்டு நேரத்தில் ராஜினாமாக் கடிதம் அடித்தாள். வேலையை விட்டுப் போக வைப்பதற்காகத் தன் கம்ப்யூட்டருக்கு மட்டும் மூன்று மாதம் நெட்டைக் குறைத்தும் நிறுத்தியும் வைத்ததால் விலகுகிறேன் என்று நாலே வரி. கூடவே அந்த இரண்டு தாளையும் பின் போட்டு வைத்தாள்.

"குடும்பக் காரணம்னு மாத்திக் குடும்மா. ஃபைல்ல இருக்கப்போறது" என்றார் லக்ஷ்மணன்.

"இல்ல சார். இதுதான் காரணம். பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி குடுங்க."

அவர் பேனாவைத் தேடுவது போல மேஜையைத் துழாவினார். கடைசியில் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது சித்ராதேவி அழுதாள். தனக்கு எதுவும் தெரியாது என்று மூன்று தடவை சொன்னாள். "தெரியும்மா. தெரிஞ்சிருந்தா மேஜைக்கடியில போயிருப்பியா?" என்றாள் அமலராணி. மறுபடியும் அடித்து வந்த டிரைவர் ஃபைலைக் காட்டி, இன்னும் இருநூறு பேர் பாக்கி, வருகிறவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் கோயில் வாசலில் ரெஜிஸ் வந்து மன்னிப்புக் கேட்டான். அந்த இடத்தில் நின்றுகொண்டு மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. "மன்னிச்சுட்டேன்ப்பா" என்றாள். "ஆனா வீட்டுக்கு வராத." பாடற்குழுவில் அவள் இப்போது இல்லை. பின் வரிசையில் இன்னாசிராஜ் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒரு மாதத்துக்குள் வேறு வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தது பிச்சைதான். காந்தி மார்க்கெட் பக்கத்தில் சாக்கு மொத்த வியாபாரம் செய்கிற ரஷீதாவின் கடை. இரண்டே கம்ப்யூட்டர். ரஷீதா கணக்கைப் பார்த்துக்கொள்வார், அமலராணி பில் போடுவாள். முதல் நாளே அவளுடைய வேகத்தைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இது கையா மெஷினாம்மா?" என்றார் ரஷீதா. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அக்டோபரில் நல்ல மழை. ஒரு நாள் காலையில், வண்டி காத்திருக்கும்போது, நெட் நின்றது. அமலராணி தன்னையறியாமல் ரஷீதாவின் முகத்தைப் பார்த்தாள். ரஷீதா ஏதோ கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். அமலராணி குடையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள்.

"உங்களுக்கும் நெட் இல்லையா?"

"தெருவுக்கே இல்லக்கா. மூலையில கம்பம் சாஞ்சு கெடக்கு."

அவள் மூலை வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தாள். கம்பம் சாய்ந்துதான் கிடந்தது. இரண்டு பேர் மழைக்கோட்டோடு நின்று வயரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். புடவைக் கரை நனைந்து திரும்பி வந்தவளிடம், "மழையில எங்கம்மா போனீங்க? நெட்காரனுக்கு ஒரு போன் பண்ணினா சொல்லிட்டுப் போறான்" என்றார் ரஷீதா.

"சும்மா, பார்த்துட்டு வரலாம்னு" என்றாள் அமலராணி.

ரஷீதா நல்ல மனுஷி. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்கு வரைக்கும், நெட் நின்றால், அமலராணி எழுந்து பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டுத்தான் வந்து உட்காருகிறாள்.